பிடித்து விட்டால் போகுமா?

இரவு இரண்டு மணிக்கு, நீங்களும் நானும் அயர்ந்து தூங்கிக் கொண்டிருக்கும்போது, சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் லாரிகள் வந்து நிற்கின்றன. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. கொத்தவால் சாவடியில் இருந்த மொத்த வியாபாரம் இங்கே வந்தது 1996-ல். இடம் மாறிற்றே தவிர, லாரிக்கும் கடைக்கும் நடுவில் ஓடுகிற வாகனம் இன்னும் பெரும்பாலும் மனிதனுடைய முதுகுதான். தலையில் சும்மாடு, அதன் மேல் 50 கிலோ மூட்டை, காலடியில் வழுக்கும் இலைக் குப்பை. அந்த வேலையில் பத்து வருஷம் தள்ளிய ஒருவரிடம், "உடம்பு எப்படி அண்ணே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன்னால் கை இடுப்புக்குப் போய்விடும்.

அந்த இடம் மட்டும் ஏன் அப்படி நோகிறது? 1960-களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாசெம்சன் என்ற டாக்டர் இதை ஊசி போட்டே பார்த்துவிட்டார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். (நினைத்தாலே முதுகு சில்லிடுகிறது, இல்லையா?) படுத்திருந்தால் அழுத்தம் குறைவு; நின்றால் அதிகம்; முன்னால் குனிந்து கனத்தைத் தூக்கினாலோ, இன்னும் எவ்வளவோ அதிகம். கிராமத்து ஏற்ற மரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நீண்ட பக்கத்து நுனியில் மூட்டை. குட்டைப் பக்கத்தைப் பிடித்து இழுக்க வேண்டியது இடுப்புத் தசை. அதன் பாடு திண்டாட்டம்தான்.

இது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் தெருவில் கட்டடம் கட்டுகிறார்களே, அங்கே சித்தாள் பெண்ணின் தலையைப் பாருங்கள். செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. எட்டு அடுக்கினால் 24. அதோடு மாடிப்படி ஏற வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டிலேயே குனிந்து பெருக்கி, குந்தித் துடைத்து, அடுத்த வீட்டுக்கு ஓடுகிறாளே, அவளுக்கும் இதே வலிதான். "இடுப்பு ஒடிஞ்சு போச்சும்மா" என்று அவள் ஒரு நாள் நின்றுவிட்டால், லீவுக்குச் சாக்கு என்று நமக்குத் தோன்றுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! ஆனால் இடுப்பு வலிக்காரர்களில் 100-க்கு சுமார் 90 பேருக்கு, இன்ன எலும்பால் வந்தது, இன்ன வட்டால் வந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. படத்தில் விழாத வலியும் வலிதான்.

பிடித்து விடுவது நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று மொத்தம் ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வைத்தியமோ இன்னும் சுலபம்: அப்பா குப்புறப் படுப்பார், ஐந்து வயதுப் பையன் முதுகின் மேல் ஏறி நடப்பான்.

இதனால் உண்மையிலேயே குணம் உண்டா? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரை வைத்துப் பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கோஷ்டிக்கு, தசை தசையாகத் தேடிப் பிடித்து அழுத்தும் மசாஜ். இன்னொரு கோஷ்டிக்கு, சும்மா இதமாக உடம்பு பிடித்து விடுகிற மசாஜ். மூன்றாவது கோஷ்டிக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். வாரத்துக்கு ஒரு தடவையாகப் பத்து வாரம் ஆனதும், மசாஜ் செய்துகொண்ட இரண்டு கோஷ்டிக்கும் மற்றவர்களை விட நன்றாகவே குறைந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு கோஷ்டிக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை! எலும்பு நொறுங்க அழுத்தினால்தான் பலன் என்று கோபித்துக்கொள்ளும் தாத்தாக்கள் கவனிக்க.

ஆனால் ஒரு வருஷம் போன பிறகு அந்தச் சுகம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அங்கே வந்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்களும் அல்ல. 2015-ல் இதுபோன்ற 25 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்து எடை போட்டவர்களும், கொஞ்ச நாள் நிவாரணத்துக்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் சொன்ன யோசனையில் மசாஜுக்கு இடம் உண்டு, தேகப்பயிற்சியோடு சேர்த்து. இடுப்பு பெல்ட்டுக்கும், எடை கட்டி இழுக்கிற டிராக்‌ஷனுக்கும் இடமில்லை. ஆகவே, பிடித்து விடுவதை நான் கைமாற்றுக் கடன் என்றுதான் சொல்வேன். வலி அடங்கிய அந்த நாலு நாளில் நடந்து, இடுப்பையும் வயிற்றையும் உறுதிப்படுத்தும் பயிற்சி செய்தால் கடன் அடையும். சுகமாகப் படுத்தே இருந்தால் வலி வட்டியோடு வந்து நிற்கும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள். நடு எலும்பின் மேல் கை வைக்காமல், இரு பக்கத்துத் தசையையும் உள்ளங்கையால் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடித்து விடுங்கள். பாட்டிக்கு எலும்பு தேய்ந்திருந்தால் பேரனை ஏற்ற வேண்டாம். வலியோடு காய்ச்சல் இருந்தாலும், உடம்பு இளைத்துக்கொண்டே போனாலும், கீழே விழுந்த பிறகு வந்த வலியானாலும், முதலில் டாக்டர். கால் மரத்துப் போய், சிறுநீர் கழிப்பதில் கோளாறு என்றாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

சுமையைப் பற்றி உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே பேசிவிட்டது. வளர்ந்த ஆண் ஒருவர் தனியாகச் சுமப்பது 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்ணுக்கு அதைவிட வெகுவாகக் குறைய வேண்டும் என்பது அதன் சிபாரிசு. ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்றால் சரி. ஓர் இரவில் எத்தனை மூட்டை?

கோயம்பேட்டுக்குப் பக்கத்திலேயே, அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. தொக்கணம் தெரிந்த வைத்தியர்களை அங்கே பார்க்கலாம். வெளிநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலை வேளையில். இரவெல்லாம் மூட்டை இறக்கியவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கிற நேரமும் அதுதான்.