ஷேர்டு ஃபோல்டர் ஏன் இவ்வளவு ஸ்லோ? வெர்ச்சுவல் மெஷின் யூஸ் பண்றவங்க கவனிக்க வேண்டியது என்ன?

லேப்டாப்பில் விண்டோஸ் 11. ஆனால், ஆலையில் ஓடும் பழைய மெஷினின் பிஎல்சி சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் எக்ஸ்பிதான் வேணும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கும் பலருக்கு இந்தச் சிக்கல் புதுசில்லை. இதற்கு வழி, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல இயங்கும் வெர்ச்சுவல் மெஷின். இரண்டுக்கும் நடுவே ஃபைல்களை மாற்றிக்கொள்ளத்தான் ஷேர்டு ஃபோல்டர். அதுதான் பல நேரம் ஆமை வேகத்தில் நகர்கிறது.

ஏன் இந்தத் தாமதம்?

ஃபைல் சைஸைவிட எண்ணிக்கைதான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும், மூடும்போதும் வெர்ச்சுவல் மெஷின் வெளியே இருக்கும் லேப்டாப்பிடம் அனுமதி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். கன்டெய்னரில் மொத்தமாக வரும் சரக்குக்கு ஆலை கேட்டில் ஒரே என்ட்ரி போதும். அதையே ஆயிரம் டூவீலரில் அனுப்பினால்? ஆயிரம் என்ட்ரி போடணும். லேப்டாப்பின் ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றையும் சோதித்தால் கேட்கவே வேண்டாம்.

வேகப்படுத்துவது எப்படி?

ப்ராஜெக்ட்டை ஷேர்டு ஃபோல்டரில் வைத்தே வேலை செய்யாதீங்க. ஜிப் செய்து உள்ளே கொண்டுபோய், வெர்ச்சுவல் மெஷினின் சொந்த டிஸ்க்கில் பிரித்து வேலை பாருங்க. முடிந்ததும் மறுபடி ஜிப் செய்து வெளியே எடுங்க. பெரும்பாலும் இதுவே போதும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்கும் மைக்ரோசாஃப்ட் சொல்லும் அறிவுரை இதேதான்: லினக்ஸ் டூல்களில் வேலை என்றால் ஃபைலும் லினக்ஸ் பக்கமே இருக்கட்டும்.

இந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க

சிலர் ஷேர்டு ஃபோல்டரை விட்டுவிட்டு, நெட்வொர்க் ஷேரிங்குக்கு மாறுவார்கள். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும்தான். அதற்காக விண்டோஸ் 11-லும் அதை ஆன் செய்துவிடுவார்கள். இங்கேதான் ஆபத்து.

2017 மே 12-ல் உலகையே உலுக்கிய வான்னாக்ரை வைரஸ் புகுந்தது எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரகடத்தில் உள்ள ரெனோ - நிசான் கார் ஆலையும் அப்போது பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. ஆனால், 2014 ஏப்ரலிலேயே சப்போர்ட் முடிந்துபோன எக்ஸ்பிக்கு, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசர அப்டேட் எல்லோருக்கும் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக இன்ஸ்டால் ஆவதில்லை. காரணத்தோடு மூடிய கதவு அது.

அப்போ எக்ஸ்பிக்கு என்ன வழி?

விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ், விஎம்வேரில் விஎம்வேர் டூல்ஸ் போட்டால் கிடைக்கும் ஷேர்டு ஃபோல்டருக்கு நெட்வொர்க்கே தேவையில்லை. எக்ஸ்பியை ஏற்கும் பழைய டூல்ஸ் பதிப்பு எது என்று மட்டும் பார்த்துப் போடுங்க. லேன் கேபிள் வழியாக பிஎல்சியுடன் பேச வேண்டிய நேரம் தவிர, மற்ற நேரத்தில் வெர்ச்சுவல் மெஷின் செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டரை ஆஃப் செய்து வைக்கலாம். ஜிப் ஃபைல் அப்போதும் போய் வரும்.