வள்ளியூர் வட்டாரப் பதநீரும் அதனுடன் சேரும் உணவுகளும்

பதநீர் என்பது பனைமரத்தின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேகரிக்கப்படும் இனிப்பான சாறு ஆகும். தென் மாவட்டங்களில் இது பதனி, பயினி என்றும் வழங்கப்படுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளை பகுதிகள் பெரும்பாலும் தாமிரபரணிப் பாசனத்துக்கு வெளியே உள்ள வறண்ட நிலங்கள். இங்குள்ள செம்மண்ணிலும் தேரி மணலிலும் பனை செழித்து வளர்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரமும் ஆகும்.

சுண்ணாம்பின் பங்கு

பனஞ்சாற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை உள்ளது. காற்றில் உள்ள ஈஸ்ட் இச்சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றினால் சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு, சாற்றின் காரத்தன்மையைக் கூட்டி இம்மாற்றத்தைத் தடுக்கிறது. சர்க்கரை சிதையாமலும் காக்கிறது. சிதைந்த சாற்றைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும். மிகுந்தால் சுவை கெடும். எனவே கலயத்தில் எவ்வளவு தடவுவது என்பது பனையேறியின் அனுபவத்தைப் பொறுத்தது.

வைனுடன் ஒப்பீடு

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜொலே பகுதியில் கமே என்னும் திராட்சையிலிருந்து சிவப்பு வைன் தயாராகிறது. அதன் ஒரு வகை, அறுவடை ஆண்டின் நவம்பர் மாத மூன்றாம் வியாழனன்றே விற்பனைக்கு வருகிறது. அப்பகுதி மக்கள் அதைப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி போன்ற உள்ளூர் உணவுகளுடன் அருந்துவர். கள்ளும் வைனும் ஒரே வேதிமாற்றத்தால் உருவாகின்றன. திராட்சைச் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ இருமடங்கு என்பதால் வைனில் ஆல்ககால் மிகுதி. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை உள்ளது. பதநீர் மது அன்று.

சேரும் உணவுகள்

• நுங்கு: பதநீரை ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்கைப் பிய்த்துப் போட்டுக் குடிப்பது கோடைகால வழக்கம்.
• மாங்காய்: சீவிய மாங்காயின் புளிப்பு, பதநீரின் திகட்டலைக் குறைக்கிறது.
• பதநீர்ப் பொங்கல்: தண்ணீருக்குப் பதில் பதநீரில் பச்சரிசியை வேகவைப்பது. தனியே இனிப்புச் சேர்க்க வேண்டியதில்லை.
• உளுந்தங்களி: பதநீரைக் காய்ச்சிப் பெறும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறுவது. பூப்பெய்திய பெண்களுக்குத் தரப்படும்.
• ஓலைக் கொழுக்கட்டை: அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய் ஆகியவற்றைப் பனங்குருத்தோலையில் வைத்து அவிப்பது. திருக்கார்த்திகை நாளில் செய்வர்.
• சுக்குக் காப்பி: கருப்பட்டியின் கரிப்புக் கலந்த இனிப்பு, சுக்கின் காரத்தைத் தணிக்கிறது.

இன்றைய நிலை

பாளையை நாள்தோறும் ஏறிச் சீவ வேண்டும். ஏறாமல் விட்டால் சாறு நின்றுவிடும். பருவகாலத்தில் மட்டுமே வருமானம் தரும் இத்தொழில் விழுந்தால் உயிர்போகும் ஆபத்தும் கொண்டது. எனவே இளைய தலைமுறையினர் இதற்கு வருவது குறைந்துவிட்டது. சர்க்கரை கலந்த மலிவான போலிக் கருப்பட்டி, உண்மையான கருப்பட்டிக்கு உரிய விலை கிடைப்பதைத் தடுக்கிறது. 2021இல், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023இல் உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. மரத்துக்கும் பெயருக்கும் இவ்வாறு காப்பு கிடைத்துள்ளது. ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லாவிட்டால், மரம் நின்றாலும் பதநீர் கிடைக்காது.