மூன்றாவது வாரமே தேடுங்கள்

இடுக்கி மலையில் ஏலக்காய்ப் பறிப்பு சூடுபிடிக்கும் மாதங்களும் கம்பம் பள்ளத்தாக்குக் கல்லூரிகளில் முதல் பருவம் நடக்கும் மாதங்களும் ஒன்றே. கிழக்கு வெளுக்கும் முன்பே கம்பம், தேவாரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுப் பாதைகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. கீழே, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல் போகம் நடக்கிறது. திராட்சைத் தோட்டங்களில் எப்போதும் ஏதேனும் ஒரு வேலை இருக்கிறது. கூலி கிடைக்கும் இந்தக் காலத்தில்தான், அந்தக் கூலியை நம்பிய வீடுகளின் பிள்ளைகள் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து, பழக்கமில்லாத ஆங்கிலத்தில் பாடம் கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு நாள் விடுப்பு மூன்று நாளாகிறது. மூன்று நாள் ஒரு வாரமாகிறது. திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கிறது. படிப்பை விடுவது ஒரே நாளில் எடுக்கும் முடிவன்று. அது மெல்ல நடக்கும் விலகல். அந்த விலகல் தொடங்கும் முதல் சில வாரங்களிலேயே கல்லூரி அதைக் கண்டுகொண்டு கைகொடுத்தால், பலரைப் படிப்பில் தக்கவைக்க முடியும்.

பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதில் தமிழ்நாடு வென்றிருக்கிறது. 2021-22 அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. தேனி மாவட்டத்திலும் இந்த வெற்றிக்கு நெடிய பின்னணி உண்டு. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-இலேயே தொடங்கப்பட்டது. பெரியகுளத்தில் பெண்களுக்கென ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி இருக்கிறது. போடியில் ஏலக்காய் விவசாயிகளின் சங்கமே ஒரு கல்லூரியை நிறுவியது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் சேர்க்கை விகிதம் சேர்ந்தவர்களைத்தான் எண்ணும். பட்டம் வாங்கியவர்களை எண்ணாது. சேராதவரைத் தேடும் அதே அக்கறையோடு, சேர்ந்தபின் நழுவுகிறவரைத் தேடுவதே அடுத்த படி.

நழுவல் முன்கூட்டியே தெரியுமா? தெரியும் என்பதற்குச் சிகாகோ நகரப் பள்ளிகளில் கிடைத்த சான்று தெளிவானது. அங்கே உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டை முறையாகக் கடந்த மாணவர்களில் 81 விழுக்காட்டினர் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்தார்கள். முதலாண்டிலேயே தடம் புரண்டவர்களில் முடித்தவர்கள் 22 விழுக்காடுதான் என்று 2005-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாணவர் முன்பு வாங்கிய மதிப்பெண்ணைவிட, முதலாண்டில் அவர் ஒழுங்காக வந்தாரா, பாடங்களில் தேறினாரா என்பதே பெரிதும் எதிர்காலத்தைச் சொன்னது. கல்லூரிக்கும் இதே தர்க்கம் பொருந்தும். வருகைப் பதிவேடு, முதல் உள்தேர்வின் மதிப்பெண், ஒப்படைக்காத அசைன்மென்ட் ஆகிய மூன்றும் ஏற்கெனவே ஒவ்வொரு துறையிலும் இருக்கின்றன. புதிதாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் தாளைச் சரியான வாரத்தில் எடுத்துப் பார்த்தால் போதும்.

அந்தச் சரியான வாரத்தைத்தான் நாம் தவறவிடுகிறோம். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாள். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஆகவே வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்க்கும் வேலை பருவத்தின் கடைசியில், தேர்வு அனுமதிக்காக நடக்கிறது. அப்போது அந்தப் பதிவேட்டால் தண்டிக்க மட்டுமே முடியும்: குறைவருகைக்குக் கட்டணம் கட்டச் சொல்லலாம், அல்லது தேர்வை மறுக்கலாம். இன்னொரு பக்கம், கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அவையான நாக்கின் தரமதிப்பீட்டுக்காக ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாராகிறது. மாணவர்கள் ஆசிரியர்களின் பெயரில் மென்டர் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல் குறையை மாணவரின் மூளையில் தேடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் இயற்பியல் படித்து வந்தவர் ஆங்கிலப் பாடநூல் முன் திணறுவது அறிவுக் குறை ஆகுமா? ஊரிலிருந்து வரும் ஒரே பேருந்தைத் தவறவிட்டு முதல் வகுப்பை இழப்பவர் மெல்லக் கற்பவரா?

கண்டுபிடிப்பது பாதி வேலைதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், பள்ளியிலிருந்து யார் இடைநிற்கக்கூடும் என்று கணினியால் கணித்துப் பள்ளிகளுக்குப் பல ஆண்டுகள் பட்டியல் அனுப்பியது. கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலால் தேறியவர்கள் கூடினார்கள் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. பட்டியலுக்குப் பின்னால் உதவி இருந்தால் நிலைமை மாறும் என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள், நம் மாவட்டக் கலைக் கல்லூரிகளைப் போலவே, வீட்டருகே எளிய குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்பவை. 2007-இல் அவை ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. 60 முதல் 80 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர், அவரை அடிக்கடி கட்டாயம் சந்திப்பது, உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பாடநூல் செலவு, பயண அட்டை என எல்லாம் சேர்ந்த திட்டம் அது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்றாண்டில் முடித்தார்கள். இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினரே முடித்தார்கள். ஒரு மாணவருக்குச் செலவு கூடியது. ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்தது.

நியூயார்க்கின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்த முறையை இங்கே பின்பற்றலாம். மூன்றாவது வார முடிவில், ஐந்து நாளுக்கு மேல் வராதவர்களின் பெயரை ஒவ்வொரு துறையும் எடுக்கட்டும். அவர்களை மென்டர் ஆசிரியர் தனியாக அழைத்து, ‘ஏன் வரவில்லை’ என்று அதட்டாமல், ‘என்ன தடையாக இருக்கிறது’ என்று கேட்கட்டும். விடைக்கு ஏற்ப உதவி மாறும். பேருந்து காரணமென்றால் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு முதல்வர் ஒரு கடிதம் எழுதலாம். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாததால் பணத்தட்டுப்பாடு என்றால் அலுவலகம் அந்தச் சிக்கலை அவிழ்க்கலாம். ஆங்கிலம் தடை என்றால் முதல் இரண்டு மாதம் கலைச்சொற்களைத் தமிழோடு சேர்த்துச் சொல்லித்தரும் இணைப்புப் பாடம் நடத்தலாம். தோட்டவேலை காரணமென்றால், தவறிய உள்தேர்வை வேறொரு நாளில் எழுதவிடலாம். விடுபட்ட பாடத்தை மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைக்கொண்டு சொல்லித்தரலாம்.

பதினெட்டு வயதைக் கடந்தவர்களை இப்படிக் கைப்பிடித்து நடத்த வேண்டுமா என்று கேட்பார்கள். படித்த பெற்றோரின் பிள்ளைக்கு அரியர் என்றால் என்ன, துணைத்தேர்வு எப்போது என்று சொல்ல வீட்டிலேயே ஆளுண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படி யாருமில்லை. அந்த இடத்தைக் கல்லூரி நிரப்புவது சலுகை ஆகாது, சமநீதி. ஆசிரியருக்கு நேரமேது என்பது நியாயமான கேள்வி. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் துறைகளில் சுமை கூடுதல்தான். அதனால்தான் இந்தப் பணியைப் பணிநேரக் கணக்கில் சேர்த்தே தர வேண்டும். கோப்புக்காக எழுதும் மென்டர் அறிக்கைகளைக் குறைத்தாலே சில மணி நேரம் மிஞ்சும். ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது: மகள் வகுப்புக்கு வரவில்லை என்று வீட்டுக்குப் போகும் ஓர் அழைப்பு, படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சைத் தொடங்க வைத்துவிடக் கூடும். ஆகவே முதலில் மாணவியிடம் பேசி, அவள் ஒப்புதலோடுதான் வீட்டாரிடம் பேச வேண்டும். வறுமையைக் கல்லூரியால் ஒழிக்க முடியாது என்பதும் உண்மையே. ஆனால் வறுமை இழுக்கும்போது கல்லூரியும் கைவிட்டுவிடாமல் இருக்க முடியும்.

ஒரு பருவத்தில் 22 நாள் வராமல் போனாலே வருகை விளிம்புக்கு வந்துவிடும். முதல் ஐந்து நாளிலேயே யாரேனும் கேட்டிருந்தால் மீதிப் பதினேழு நாளில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். முதல்வர்களே, துறைத் தலைவர்களே, நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முதலாண்டு வகுப்பின் மூன்றாவது வாரத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, வராத பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.