இதயம் நின்றால் நாம் செய்யவேண்டியது என்ன?

கன்னடத் திரைப்பட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் காலமானபோது அவருக்கு வயது 46. உடற்பயிற்சியில் ஈடுபாடுடைய ஒருவரின் திடீர் மறைவு, இதயநலம் குறித்த கவலையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 2023ஆம் ஆண்டில் கர்நாடக அரசு அவர் பெயரில் ‘இருதய ஜோதி’ திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்புக்கு விரைந்து சிகிச்சை அளிப்பதுடன், ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி இதய மின்னதிர்ச்சிக் கருவிகளைப் பொது இடங்களில் நிறுவுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அக்கருவியை எடுத்துப் பயன்படுத்தப் பொதுமக்களாகிய நாம் முன்வந்தால்தான் அந்நோக்கம் நிறைவேறும்.

மாரடைப்பு வேறு, இதயநிறுத்தம் வேறு

மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவுடன் இருப்பார், வலியைச் சொல்லுவார். திடீர் இதயநிறுத்தத்தில் இதயத்தின் மின்னியக்கம் சீர்குலைகிறது. பலருக்கு இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. மூளைக்கு இரத்தம் செல்லாததால் சில நொடிகளில் நினைவு தவறுகிறது. மாரடைப்பே இந்நிலைக்கு இட்டுச்செல்வதும் உண்டு. நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது.

நீலசந்திரா போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோர் இக்கணக்கை மனத்திற்கொள்ள வேண்டும். ஜெயதேவா இதய மருத்துவமனை இதே நகரில்தான் இருக்கிறது. எனினும் குறுகிய தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வந்துசேரும்வரை நோயாளியின் உயிர் அருகிலிருப்பவர் கையில்தான் உள்ளது.

செய்யவேண்டியவை

விழுந்தவரின் தோளைத் தட்டி அழைக்க வேண்டும். பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108 அல்லது 112 எண்ணை அழைக்க, மற்றொருவர் கருவியைக் கொண்டுவர ஓடட்டும். மூன்றாமவர் உடனே நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும். மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துவதே பெரியவர்களுக்கான முறை.

கருவி வந்ததும் முதலில் அதை இயக்க வேண்டும். பதிவுசெய்யப்பட்ட குரல் வழிகாட்டும். அக்குரல் நாம் அறியாத மொழியில் இருந்தாலும், ஒட்டுப்பட்டைகளில் உள்ள படங்களைப் பார்த்துச் செயற்படலாம். மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றொன்றை இடப்புறம் அக்குளுக்குச் சற்றுக் கீழும் ஒட்ட வேண்டும். கருவி இதயத் துடிப்பை ஆராயும்போதும் மின்னதிர்ச்சி தரும்போதும் நோயாளியை எவரும் தொடலாகாது. அதிர்ச்சி தந்ததும் தாமதமின்றி நெஞ்சழுத்தத்தைத் தொடர வேண்டும். பட்டைகளை அகற்றக் கூடாது; இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை கருவி மீண்டும் ஆராயும்.

தயக்கங்கள்

இதயநிறுத்தத்தின் தொடக்கத்தில் சிலருக்குக் கைகால் வெட்டியிழுக்கும். அதை வலிப்பு என்றெண்ணி இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் பொன்னான நிமிடங்களை வீணாக்கும். இடைவிட்டு வரும் திணறல் மூச்சை இயல்பான மூச்சாகக் கொள்ளவும் கூடாது.

பெண்களுக்கு உதவும்போது ஆடையை விலக்க நாம் கூசுகிறோம். பட்டை வெற்று மார்பில் ஒட்டினால்தான் பயன் தரும். சுற்றி நிற்பவர்கள் புடவையையோ துப்பட்டாவையோ மறைப்பாகப் பிடிக்கலாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை; பட்டையின்மீது படாதவாறு ஒதுக்கினால் போதும்.

‘தவறாக மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைப் போக்கிவிடுவோமோ’ என்னும் அச்சமும் வேண்டாம். இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவை என்று கண்டால் மட்டுமே கருவி அதிர்ச்சி தரும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் கால்பந்து மைதானத்தில் சுருண்டு விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், உடனடி நெஞ்சழுத்தத்தாலும் மின்னதிர்ச்சியாலும் உயிர் மீண்டார். பின்னர் மீண்டும் விளையாடவும் செய்தார். அங்கே பயிற்சி பெற்றவர்களும் கருவியும் அருகிலேயே இருந்தன.

நம் அலுவலகத்திலும், அடுக்குமாடிக் குடியிருப்பிலும், அடிக்கடி செல்லும் நிலையங்களிலும் இக்கருவி எங்கே உள்ளது என்பதை இன்றே கேட்டறிவோம். இல்லையெனில் நிறுவுமாறு கோருவோம். நெஞ்சழுத்தப் பயிற்சியைக் குடும்பத்தில் ஒருவரேனும் முறையாகப் பெறுவோம்.