பல்லுறை பொருந்துவது எப்படி?

பழுதுபட்ட கடைவாய்ப் பல்லுக்கு மருத்துவர் உலோக உறை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘கேப்’ என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த உறை சிறிதே சிறுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உறை போடுமுன் பல்லைச் சுற்றிலும் அராவி, நுனியை நோக்கிச் சற்றே குறுகும்படி செய்கிறார்கள். பக்கச் சரிவு 3 பாகை, பல்லின் அகலம் 10 மி.மீ. என்று கொள்வோம். பொன் கலவை உறைந்து குளிரும்போது நீளவாக்கில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும். அதாவது 0.15 மி.மீ.; பக்கத்துக்கு 0.075 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்தான்! ஆனால் 0.075ஐ 3 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பான 0.052ஆல் வகுத்துப் பாருங்கள். விடை சுமார் 1.4. உறை 1.4 மி.மீ. இறங்காமலே நின்றுவிடும். வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முட்டும். உறை மூடாத விளிம்பில் உணவுத் துணுக்குகள் தங்கி, மீண்டும் சொத்தை தொடங்கும்.

வார்க்கும் முறை புதிதல்ல. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையே இதுவும். அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகார்ட் 1907இல் இதைப் பல் வைத்தியத்தில் பரவச் செய்தார். சிலை 1.5 விழுக்காடு சிறுத்தால் யாரும் அளக்கப் போவதில்லை. பல் அளந்துவிடும்!

உலோகம் சுருங்குவதைத் தடுக்க முடியாது. ஆகவே அச்சையே முன்கூட்டிப் பெரிதாக்குகிறார்கள். மெழுகைச் சுற்றி ஊற்றும் குழம்பில் ஜிப்சமும் சிலிகாவும் உண்டு. அது இறுகும்போதே சிறிது விரியும். பெரும்பங்கு விரிவு உலையில்தான். கிரிஸ்டோபலைட் என்னும் சிலிகா வகை 250° செ. அளவில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிகிறது. குவார்ட்ஸ் 573° செ.இல். அவசரமாகச் சூடேற்றினால் அச்சு விரிசல் காணும். சூடு தணியுமுன் உலோகத்தைச் செலுத்தவும் வேண்டும். அச்சு ஆறினால் பெற்ற விரிவு போய்விடும். குழம்பில் நீர் கூடினாலும் விரிவு குறையும். விரிவு மிஞ்சினாலோ உறை தளர்ந்து ஆடும்.

விலை குறைந்த நிக்கல்-குரோமியம் கலவை 2 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கும். அதன் உருகுசூட்டை ஜிப்சம் தாங்காது. பாஸ்பேட் சேர்ந்த அச்சு வேண்டும்.

இப்போது கணினி கடைந்தெடுக்கும் சிர்கோனியா உறைகளும் வந்துள்ளன. சூளையில் சுடும்போது அவை சுமார் 20 விழுக்காடு சுருங்கும். அதனால் முதலில் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகவே கடைகிறார்கள்.