விழுந்ததை மறைக்க வேண்டாம்



வீட்டுப் பெரியவர் ஒருவர் தடுமாறி விழுந்துவிட்டால், "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று கூறி அமைதி அடைகிறோம். ஆனால் ஒரே வயதுடைய இருவரில் ஒருவர் விழுகிறார், மற்றவர் விழுவதில்லை. இதற்குக் காரணம் உடலில் மட்டும் இல்லை. வீட்டிலும், தெருவிலும், உறவிலும் இருக்கிறது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர், முந்தைய ஓராண்டில் விழுந்ததாகத் தெரிவித்தனர்.

நம் பத்து காவானையே எடுத்துக்கொள்வோம். கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டமண் இது. 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. இன்று தொழிற்பேட்டையும் அடுக்குமாடி வீடுகளும் பெருகியுள்ளன. தோட்டத்து லயத்தில் ஒருவர் விழுந்தால், சத்தம் கேட்டு அடுத்த வீட்டார் ஓடிவருவார்கள். இன்றோ கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். எழ முடியாமல் நெடுநேரம் தரையில் கிடந்தால் உடல் குளிர்ந்து, நீர் வற்றி, தசைகளும் கெடும். சிறிய அடியும் அப்போது பெரிய ஆபத்தாகிவிடும்.

வீட்டுக்குள் ஈரமான குளியலறை, மடங்கிய கால்மிதி, மங்கிய விளக்கு ஆகியவை காலை வாரிவிடும். வெளியே மூடியில்லாத சாக்கடையும், ஜார்ஜ் டவுன் அஞ்சடியில் கடைக்குக் கடை மாறும் தரைமட்டமும் தடுக்கிவிடும். கண்புரையும், தூக்க மாத்திரையும், சில இரத்த அழுத்த மருந்துகளும் தடுமாற்றத்தைக் கூட்டும்.

இவற்றைவிட நாம் கவனியாத ஒன்று உண்டு. விழுந்த பெரியவர் பலர் அதைச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ, கோயிலுக்கும் கடைக்கும் தனியே போகவிடமாட்டார்களோ என்ற அச்சமே காரணம். பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் கால் தசை தளரும். தளர்ந்தால் மீண்டும் விழுவார். ஆகவே "இனி வெளியே போகாதீர்கள்" என்று அன்போடு தடுப்பதும் தீங்காக முடியலாம்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. குளியலறையில் கைப்பிடி பொருத்துவோம். படுக்கையிலிருந்து கழிவறை வரை வெளிச்சம் வைப்போம். கால் வலுவுக்கும் சமநிலைக்கும் ஏற்ற பயிற்சியை மருத்துவரைக் கேட்டுச் செய்யச் சொல்வோம். மாத்திரைகள் அனைத்தையும் அவரிடம் காட்டுவோம். தனித்திருக்கும் அண்டை வீட்டாரை நாள்தோறும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்போம்.

இன்றிரவே நம் பெரியவரிடம், "அண்மையில் எங்காவது தடுக்கி விழுந்தீர்களா?" என்று கேட்போம். அவர் தயங்காமல் பதில் சொல்லும்படி, கோபமின்றிக் கேட்போம்.