சிவந்து ஓடுவது எங்கள் மேல்மண்

இடவப்பாதி மழையில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஓடைகள் செக்கச்செவேலென ஓடும். ஓடுவது எங்கள் விளைகளின் மேல்மண். இந்தச் செம்புரை மண்ணிலிருந்து சுண்ணாம்புச்சத்தைப் பெருமழை கரைத்துவிடும், புளிப்பு ஏறும், போடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும்.

உரமூட்டை வாங்கும் முன் மண்ணைச் சோதியுங்கள். பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் சாய்வாக வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி கிருஷிபவனில் கொடுங்கள். 2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைச் சொல்லும். நான் வாழைக்கு முதலில் சுண்ணாம்பு இடுகிறேன். இரண்டு வாரம் கழித்தே உரம்.

மண் ஓடாமலிருக்க மரச்சீனி வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். இடிந்த கையாலையை உடனே கட்டுங்கள். சருகை எரிக்காமல் தென்னைமூட்டில் போடுங்கள். மேல்மண் ஒரு அங்குலம் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதைக் காப்பது நம் கடமை.